இருதய ஸ்டென்ட்டும் இரத்தக் கட்டியும்: சாதா ஸ்டென்ட் நல்லதா, மருந்து பூசியது நல்லதா?



ஏழை வியாதியஸ்தர்களின் இருதய சிகிச்சைக்கென்று காணிக்கை அனுப்பும் அன்பர்களில் சிலர் அதனுடன் ஒரு கேள்வியையும் கேட்கிறார்கள். "மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தால் பிற்பாடு அதில் இரத்தம் கட்டிவிடும் என்று கேள்விப்படுகிறோம். அதன் விலையும் அதிகம். சாதா ஸ்டென்ட்டையே வைத்தால் பணமும் மிச்சம், ஆபத்தும் குறைவு அல்லவா?" என்பதே அது. கேள்வி நியாயமானதுதான். 2006, 2007ஆம் ஆண்டுகளில் இதே கேள்வி உலகத்திலுள்ள பெரிய இருதய வைத்தியர்களையெல்லாம் தூங்கவிடாமல் செய்தது. அப்போது சொல்லப்பட்ட பதில் ஒன்று. இன்றைய பதில் வேறு. அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை இம்மாதப் பாடத்தில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நான் வைத்தியன் அல்ல. இறையியல் கல்லூரியில் படித்து, வார்டுகளில் கட்டிலருகே உட்கார்ந்து பேசுவதை ஊழியமாகக் கொண்டவன். ஆகையால் ஒரு குறிப்பிட்ட வியாதியஸ்தருக்கு எது தகும் என்பதை அவருடைய இருதய வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். இங்கே எழுதுவது, காணிக்கை கொடுப்பவரும் அதைப் பெறுகிறவரும் விஷயத்தை விளங்கிக்கொள்வதற்காக மட்டுமே.

உறைகிணறும் ஸ்டென்ட்டும்

நம்முடைய கிராமங்களில் மண் இளகிய இடத்தில் கிணறு வெட்டினால், பக்கச் சுவர் சரிந்துவிடாதபடி உள்ளே உறை இறக்குவார்கள். ஸ்டென்ட் என்பதும் ஏறக்குறைய அப்படிப்பட்ட உறைதான். இருதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்பு படிந்து அடைப்பு ஏற்படும்போது, கை அல்லது தொடையின் இரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழலைச் செலுத்தி, அடைபட்ட இடத்தில் சிறு பலூனை ஊதி விரிக்கிறார்கள். 1977ஆம் ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் டாக்டர் ஆன்ட்ரியாஸ் குருன்ட்சிக் விழித்திருந்த ஒரு மனிதருக்கு இதை முதன்முதலில் செய்தார். ஆனால் பலூனை எடுத்தபின் குழாயின் சுவர் சிலருக்குச் சரிந்து மூடிக்கொண்டது. வேறு சிலருக்கு மாதங்கள் செல்லச் செல்ல மீண்டும் சுருங்கியது. அதைத் தாங்கிப் பிடிக்க உலோகக் கம்பி வலையால் ஆன ஒரு சிறு உறையை உள்ளேயே விட்டுவிடலாம் என்ற யோசனை 1986இல் பிரான்சின் துலூஸ் நகரிலும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும் மனிதரிடத்தில் நிறைவேறியது.

உறை இறக்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைத்தார்கள். ஆனால் கிணற்று உறைக்குள் இருப்பது தண்ணீர். இந்த உறைக்குள் ஓடுவதோ இரத்தம். இரத்தத்துக்கு ஒரு சுபாவம் உண்டு. குழாயின் உட்சவ்வு பழுதில்லாமல் இருக்கும்வரை அது வழுவழுப்பாக ஓடும். அந்நியமான ஒரு பொருளைக் கண்டால், காயம் பட்டுவிட்டது என்று எண்ணி, அதிலுள்ள தட்டணுக்கள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கையில் அரிவாள் பட்டால் இரத்தம் உறைந்து நிற்பது இதனால்தான். கையில் நம்மைக் காப்பாற்றும் இந்தச் சுபாவம், இருதயக் குழாயின் உள்ளே நடந்தால் சில நிமிடங்களில் குழாய் முழுவதும் அடைபட்டு மாரடைப்பாகிவிடும். இதைத்தான் ஸ்டென்ட்டில் இரத்தம் கட்டுதல் என்கிறோம்.

1991இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு அந்நாளைய நிலைமையைச் சொல்லும். ஸ்டென்ட் வைக்கப்பட்ட 105 பேரில் 25 பேருக்கு அது முழுவதும் அடைபட்டுப் போயிற்று. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே அப்படி நேர்ந்தது. நான்கில் ஒருவர்! இதைத் தடுக்க ஆஸ்பிரினோடு ஹெப்பாரின், வார்ஃபரின் என்று இரத்தத்தை இளக்கும் மருந்துகளையெல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். அதனால் இரத்தக்கசிவு ஏற்பட்டு, அநேகர் வெகு நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடக்க நேரிட்டது.

விடுதலை இரண்டு வழியாக வந்தது. ஒன்று, இத்தாலியில் டாக்டர் அன்டோனியோ கொலம்போவும் அவருடன் உழைத்தவர்களும், ஸ்டென்ட்டை அதிக அழுத்தத்தில் நன்றாக விரித்துக் குழாயின் சுவரோடு ஒட்டவைத்தால் இரத்தம் கட்டுவது வெகுவாகக் குறைகிறது என்று 1995இல் காட்டினார்கள். உறைக்கும் மண்ணுக்கும் இடையில் சந்து இருக்கக் கூடாது என்பது கிணறு வெட்டுகிறவருக்குத் தெரிந்த பாடமே. மற்றொன்று, வார்ஃபரின் வகை மருந்துகளை விட்டுவிட்டு, தட்டணுக்களை இரண்டு வெவ்வேறு வழிகளில் தடுக்கும் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 517 பேரிடம் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பிரினும் டிக்ளோபிடினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு முதல் 30 நாளில் ஸ்டென்ட் அடைபட்டது 0.8 சதவீதம், பழைய முறைப்படி மருந்து பெற்றவர்களுக்கு 5.4 சதவீதம். 1998இல் வந்த அமெரிக்க ஆய்வும் அதை உறுதிப்படுத்தியது. டிக்ளோபிடின் சிலருக்கு இரத்தத்தின் வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிட்டபடியால், அதன் இடத்தில் குளோபிடோக்ரெல் வந்தது. இன்று மருந்துக்கடைகளில் ஆஸ்பிரினோடு ஒரே மாத்திரையாகவும் கிடைப்பது இதுதான்.

சாதா ஸ்டென்ட்டின் கம்பிகள்மேல் சில வாரங்களுக்குள் உட்சவ்வு வளர்ந்து மூடிவிடுகிறது. மூடியபின் இரத்தத்துக்கு அந்த உலோகம் தெரியாது. ஆகவே, அவசரமான மாரடைப்பு இல்லாதவர்களுக்கு ஒரு மாதம் இரண்டு மாத்திரைகள், அதன்பின் ஆஸ்பிரின் மட்டும் என்று வழக்கம் ஏற்பட்டது.

ஈஸ்டர் தீவின் மண்

ஆனால் மூடுகிற அந்தச் சவ்வு சிலருக்கு மூடியதோடு நிற்பதில்லை. காயம் ஆறிய இடத்தில் சிலருக்குத் தழும்பு தடித்துப் போவதுபோல, ஸ்டென்ட்டுக்குள்ளேயே தசை அணுக்கள் பெருகி வழியைக் குறுக்கிவிடுகின்றன. ஆறு மாதத்துக்குள் திரும்பவும் நெஞ்சு வலி, திரும்பவும் ஆஞ்சியோ. 1994இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், சாதா ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 22 பேர் முதல் 32 பேர் வரைக்கும் இப்படி மறுபடியும் குறுகல் காணப்பட்டது. பலூன் மட்டும் செய்தவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

இரத்தம் கட்டுவதையும் இந்தக் குறுகலையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதிருப்பது இப்பாடத்தில் முக்கியம். குறுகல் மெதுவாக வரும், அடிக்கடி நேரும், பெரும்பாலும் நெஞ்சு வலியாக முன்னெச்சரிக்கை கொடுக்கும். இரத்தக் கட்டி திடீரென்று வரும், அபூர்வமாக நேரும், வந்தால் உயிருக்கே ஆபத்து. மருந்து பூசிய ஸ்டென்ட் முதலாவது கஷ்டத்தைத் தீர்ப்பதற்காக உண்டாக்கப்பட்டது.

அந்த மருந்தின் கதை விநோதமானது. 1964இல் கனடாவிலிருந்து ஒரு குழு பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஈஸ்டர் தீவுக்குச் சென்று மண் மாதிரிகளைக் கொண்டுவந்தது. அந்த மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிர் சுரந்த பொருளை மான்ட்ரீல் நகரின் ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்தவர்களில் முக்கியமானவர் சுரேன் சேகல் என்னும் இந்திய வம்சாவளி விஞ்ஞானி. தீவின் மக்கள் தங்கள் ஊரை ராப்பா நூயி என்று அழைப்பதால் மருந்துக்கு ராபமைசின் என்று பெயர் வைத்தார்கள். சிரோலிமஸ் என்றும் சொல்வதுண்டு. கம்பெனி அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டபோது, சேகல் அந்த நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார் என்று அவர் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். அணுக்கள் பெருகுவதை நிறுத்தும் வல்லமை அந்த மருந்துக்கு இருந்தது. அதை ஒரு பிசின் போன்ற பூச்சில் கலந்து ஸ்டென்ட்டின் கம்பிகள்மேல் தடவி, சிறிது சிறிதாகக் கசியும்படி செய்தார்கள். 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாலோ நகரில் டாக்டர் எட்வர்டோ சவுசா இதை முதன்முதலாக மனிதருக்கு வைத்தார்.

2002இல் 238 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. சாதா ஸ்டென்ட் வைத்தவர்களில் ஆறாம் மாதத்தில் 26.6 சதவீதம் பேருக்குக் குறுகல். மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. பூஜ்யம்! வைத்திய உலகம் களிகூர்ந்தது என்றால் மிகையல்ல. 2003இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டு பாக்லிடாக்ஸெல் பூசிய இன்னொரு ஸ்டென்ட்டும் வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் வைக்கப்பட்ட ஸ்டென்ட்டுகளில் பெரும்பான்மை மருந்து பூசியவையாகிவிட்டன.

களிப்பின் நடுவே ஒரு கலக்கம்

தசை அணுக்கள் பெருகாதபடி தடுக்கும் மருந்து, உட்சவ்வு வளர்வதையும் தாமதப்படுத்தும் என்பதை அப்போது அநேகர் போதிய அளவு சிந்திக்கவில்லை. தழும்பு தடிக்கக் கூடாது என்று காயத்தில் மருந்து போட, காயமே ஆறாமல் திறந்து கிடந்ததுபோல் ஆயிற்று. அமெரிக்காவில் டாக்டர் ரேணு விர்மானியின் ஆய்வுக்கூடத்தில், இறந்துபோனவர்களின் இருதயக் குழாய்களை உருப்பெருக்கியின் கீழ் பார்த்தபோது, மருந்து பூசிய ஸ்டென்ட்டின் கம்பிகள் பல மாதங்களுக்குப் பின்பும் மூடப்படாமல் வெறுமையாக நிற்பது தெரியவந்தது. சிலருக்கு மருந்தைத் தாங்கியிருந்த பூச்சே ஒவ்வாமல் குழாயின் சுவரைப் புண்ணாக்கியிருந்தது.

2004இல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் நான்கு பேரைக் குறித்த ஒரு சிறு கட்டுரை வந்தது. நான்கே பேர்தான். நால்வருக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்துப் பதினொரு மாதங்களுக்கு மேலாகி, மாத்திரைகளை நிறுத்திய சில நாட்களில் ஸ்டென்ட்டில் இரத்தம் கட்டி மாரடைப்பு வந்தது. அதுவரைக்கும் ஸ்டென்ட்டில் இரத்தம் கட்டுவதென்றால் முதல் மாதத்தோடு முடிந்த காரியம் என்று எண்ணியிருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். 2005இல் ஜெர்மனியையும் இத்தாலியையும் சேர்ந்த 2,229 பேரின் விவரம் வெளிவந்தது. ஒன்பது மாதத்துக்குள் 29 பேருக்கு இரத்தம் கட்டியிருந்தது. அவர்களில் 13 பேர் இறந்துபோனார்கள். இரத்தம் கட்டுவதற்கான காரணங்களில் எல்லாவற்றையும்விட வலியது, மாத்திரைகளைக் காலத்துக்கு முன்னே நிறுத்தியதே என்று அந்த ஆய்வு காட்டிற்று.

2006 செப்டம்பரில் ஸ்பெயினின் பார்சலோனா நகரில் கூடிய இருதய வைத்தியர் மாநாட்டில், மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மரணமும் மாரடைப்பும் கூடுகின்றனவோ என்று கேட்கும் இரண்டு அறிக்கைகள் வாசிக்கப்பட்டன. செய்தித்தாள்கள் தலைப்பிலே போட்டன. 2007 மார்ச்சில் சுவீடன் தேசத்தில் ஏறக்குறைய 20,000 பேரின் பதிவேடுகளைப் பார்த்தவர்கள், ஆறு மாதத்துக்குப் பின் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களிடையே மரணம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஐந்து பேர் வீதம் அதிகம் என்று எழுதினார்கள். பயம் உச்சத்துக்குப் போயிற்று.

ஆனால் அதே சுவீடன் பதிவேட்டை அதே ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அதிகமான பேரையும் இன்னும் அதிக ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்து 2009இல் எழுதியபோது, மரணத்திலும் மாரடைப்பிலும் வித்தியாசம் இல்லை என்று வந்தது. முதல் செய்தியைப் பெரிய எழுத்தில் போட்டவர்கள் இரண்டாவதை எந்தப் பக்கத்தில் போட்டார்கள் என்று தெரியவில்லை. நம்முடைய அன்பர்களின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பது 2007இன் செய்திதான்.

உண்மை நிலை இதுவே. சிரோலிமஸ் ஸ்டென்ட்டையும் சாதா ஸ்டென்ட்டையும் ஒப்பிட்ட நான்கு ஆய்வுகளை 2007இல் சேர்த்துப் பார்த்தபோது, முதல் ஆண்டுக்குப் பின் இரத்தம் கட்டியது மருந்து பூசியது வைத்த 878 பேரில் 5 பேருக்கு. சாதா வைத்த 870 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆகவே அந்த முதல் தலைமுறை ஸ்டென்ட்டுகளில் ஆபத்து இருந்தது மெய்தான். அது சிறிய ஆபத்து என்பதும் மெய். அதே பேரில் நான்கு ஆண்டுகளுக்குள் அந்த இடத்தில் மறுபடியும் சிகிச்சை தேவைப்பட்டது சாதா ஸ்டென்ட் வைத்தவர்களில் 23.6 சதவீதம், மருந்து பூசியது வைத்தவர்களில் 7.8 சதவீதம். மறுபடியும் ஒரு சிகிச்சை என்பதும் ஆபத்தில்லாத காரியமல்ல. ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் இறங்கியது. மொத்தத்தில் மரணக் கணக்கு ஏறக்குறைய சமமாக நின்றது.

மாத்திரையை நிறுத்தியவர்கள் யார்?

இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். 2006இல் அமெரிக்காவில், மாரடைப்புக்குப் பின் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 500 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியாயிற்று. அவர்களில் 68 பேர், அதாவது ஏழில் ஒருவர், முப்பது நாளுக்குள்ளேயே குளோபிடோக்ரெல் வகை மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தார்கள். அடுத்த பதினொரு மாதங்களில் நிறுத்தியவர்களில் 7.5 சதவீதம் பேர் இறந்தார்கள். தொடர்ந்து சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 0.7 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம். நிறுத்தியவர்கள் யார் என்று பார்த்தால், வயதானவர்கள், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், துணையில்லாமல் வாழ்கிறவர்கள், செலவுக்குப் பயந்து வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள். அமெரிக்காவைக் குறித்து எழுதப்பட்ட அந்தப் பட்டியலை வாசித்தபோது, நான் அன்றாடம் கட்டிலருகே காணும் முகங்களே கண்முன் வந்தன.

நம்மிடத்தில் நிறுத்துவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. வீட்டுக்குப் போகும்போது கொடுத்த மாத்திரை தீர்ந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தவர்கள் உண்டு. இரண்டு மாத்திரையும் ஒரே வேலைதானே செய்கிறது, ஒன்று போதும் என்று தாங்களே தீர்மானித்தவர்கள் உண்டு. பல் பிடுங்கப் போன இடத்தில் "இரத்தம் நிற்காது, ஒரு வாரம் நிறுத்திவிட்டு வா" என்று சொல்லக் கேட்டு, பிறகு தொடங்க மறந்தவர்கள் உண்டு. அறுவடை முடிந்து கூலி வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களும் உண்டு. வெளிநோயாளர் வரிசையில் ஒரு வயதான தாயார் கணவரைக் காட்டி என்னிடம், "ஐயா, இவுகளுக்கு இப்போ நெஞ்சு வலியே இல்ல. நல்லா நடக்காக. பின்ன எதுக்கு இந்த மாத்திரை?" என்று கேட்டார்கள். "அம்மா, அது வலிக்குக் கொடுத்த மாத்திரை இல்ல. உள்ள வச்சிருக்கிற கம்பிக்குக் கொடுத்த மாத்திரை. வலி இல்லாட்டியும் கம்பி உள்ளதானே இருக்கு?" என்றேன். அந்த வார்த்தை அவர்களுக்குப் பிடிபட்டது.

விசுவாசத்தின் பேரில் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். உபவாச நாளில் மாத்திரையைத் தொடுவதில்லை என்கிறார்கள். ஜெபித்தபின் மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாரோ சொன்னதாகச் சொல்கிறார்கள். ஊழியக்காரன் என்ற உரிமையோடு சொல்லுகிறேன்: சபை மேய்ப்பர்கள் இதை மேடையிலிருந்தே தெளிவாகக் கண்டிக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்து ஒரு மாதமான மனிதர் மூன்று நாள் உபவாசக் கூட்டத்தில் மாத்திரையை விட்டுவிட்டால் அவருக்கு என்ன நேரிடக்கூடும் என்பதை மேலே எழுதிய கணக்குகள் சொல்லும். உபவாசம் இருக்கத்தான் வேண்டுமென்றால், வைத்தியரிடம் முன்கூட்டிக் கேட்டு, மாத்திரையை மட்டும் தவறாமல் எடுத்துக்கொள்ளட்டும்.

இவற்றையெல்லாம் பார்த்துத்தான் 2007 ஜனவரியில் அமெரிக்க இருதய வைத்தியர் சங்கங்கள் ஓர் ஆலோசனை வெளியிட்டன. பணமில்லாமையாலோ வேறு காரணத்தாலோ ஒருவர் பன்னிரண்டு மாதம் இரண்டு மாத்திரைகளையும் தொடர்ந்து சாப்பிடமாட்டார் என்று தோன்றினால், அவருக்கு மருந்து பூசிய ஸ்டென்ட் வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று அதில் சொன்னார்கள். விலை உயர்ந்த ஸ்டென்ட்டை ஒரு ஏழைக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, மாத்திரைக்கு வழி செய்யாமல் அனுப்பினால், அந்த உதவியே அவருக்குத் தீங்காகக் கூடும் என்பது அதன் பொருள். தர்ம காரியங்களை நடத்துகிறவர்கள் யோசிக்க வேண்டிய வார்த்தை இது. அந்நாட்களில் சாதா ஸ்டென்ட் ஏழைக்குப் பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவியதும் இதனால்தான். அன்றைக்கு அதில் ஞானம் இருந்தது.

இன்றைய நிலை

அதற்குப் பிறகு ஸ்டென்ட்டே மாறிவிட்டது. முதல் சிரோலிமஸ் ஸ்டென்ட்டின் கம்பி 0.14 மில்லிமீட்டர் தடிப்பு. அடுத்த தலைமுறையில் கோபால்ட் குரோமியம் என்ற வலிய உலோகக் கலவையால் 0.08 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய கம்பிகளைச் செய்தார்கள். கம்பி மெலிந்தால் இரத்தத்தின் ஓட்டம் குறைவாகவே கலைகிறது, சவ்வும் சீக்கிரம் மூடுகிறது. மருந்தைத் தாங்கும் பூச்சும் உடம்புக்கு ஒத்துப்போவதாக மாற்றப்பட்டது. சிரோலிமஸின் உறவுமுறை மருந்தான எவரோலிமஸ் முதலியவை பூசப்பட்டன. முதலாவது வந்த அந்த சிரோலிமஸ் ஸ்டென்ட்டைத் தயாரிப்பது 2011ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது.

2012இல் 49 ஆய்வுகளையும் 50,000க்கு மேற்பட்ட வியாதியஸ்தர்களையும் சேர்த்துப் பார்த்த கட்டுரையில் யாரும் எதிர்பாராத முடிவு வந்தது. எவரோலிமஸ் பூசிய கோபால்ட் குரோமியம் ஸ்டென்ட்டில் இரத்தம் கட்டுவது சாதா ஸ்டென்ட்டைவிடக் குறைவாக இருந்தது! அதே ஆண்டில் மாரடைப்பு வந்தவர்களிடம் மட்டும் செய்த மற்றொரு ஆய்விலும், ஓராண்டுக்குள் திட்டமாக இரத்தம் கட்டியது மருந்து பூசியதில் 0.5 சதவீதம், சாதா ஸ்டென்ட்டில் 1.9 சதவீதம். 2016இல் நார்வே தேசத்தில் 9,013 பேரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில் இரத்தம் கட்டியது 0.8 சதவீதமும் 1.2 சதவீதமும், மறு சிகிச்சை 16.5 சதவீதமும் 19.8 சதவீதமும். மரணமும் மாரடைப்பும் சேர்ந்த கணக்கில் வித்தியாசம் இல்லை. மருந்து பூசியது உயிரைக் கூடுதலாகக் காப்பாற்றுகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் அது இரத்தம் கட்டச் செய்யும் என்ற பழைய குற்றச்சாட்டு இன்றைய ஸ்டென்ட்டுகளுக்குப் பொருந்தாது.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றுவது 2015இல் வெளியான ஓர் ஆய்வு. அதில் சேர்க்கப்பட்ட 2,466 பேரும் எளிதில் இரத்தக்கசிவு ஏற்படக்கூடியவர்கள். நெடுநாள் இரண்டு மாத்திரைகளைத் தாங்க முடியாதவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் சாதா ஸ்டென்ட் என்று அதுவரை விதி. பாதிப் பேருக்குச் சாதா, பாதிப் பேருக்குப் பிசின் பூச்சில்லாமல் மருந்து மட்டும் தடவிய ஒரு ஸ்டென்ட். எல்லாருக்கும் ஒரே மாதம்தான் இரண்டு மாத்திரைகள். ஓராண்டு கழித்து, இருதய மரணம், மாரடைப்பு, இரத்தம் கட்டுதல் ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு சாதாவில் 12.9 சதவீதம், மருந்து தடவியதில் 9.4 சதவீதம். சாதா ஸ்டென்ட்டுக்கு மீதியிருந்த கடைசி நியாயமும் இதனால் போயிற்று. 2018இல் ஐரோப்பிய வைத்தியர்கள் எந்த நிலையிலும் மருந்து பூசியதையே விரும்பத்தக்கது என்று எழுதிவிட்டார்கள்.

புதியது எல்லாம் நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடவும் வேண்டாம். தானாகவே கரைந்துபோகும் ஸ்டென்ட் என்று ஒன்று மிகுந்த எதிர்பார்ப்போடு வந்தது. அதன் சட்டங்கள் தடிப்பாக இருந்தன. இரத்தம் கட்டுவது அதில் அதிகமென்று தெரிந்து, 2017இல் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

விலையைப் பொறுத்தவரையில், 2017 பிப்ரவரியில் இந்திய அரசு உச்சவரம்பு விதித்தது. சாதா ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய், வரி நீங்கலாக. அதற்கு முன்பு மருந்து பூசியதற்கு லட்ச ரூபாயும் அதற்கு மேலும் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு மருந்து பூசியதற்கான வரம்பு இன்னும் சற்றுக் குறைக்கப்பட்டது. அதன்பின் அவ்வப்போது மாறிவந்தாலும், பழைய லட்சக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மருந்து பூசியது பணக்காரருக்கு மட்டும் உரியது என்று எண்ண இனி இடமில்லை.

எத்தனை நாள் மாத்திரை?

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டு மாத்திரைகளும் ஓராண்டு, மாரடைப்பில்லாமல் வைத்தவருக்கு ஆறு மாதம் என்பது பொதுவான அளவு. இரத்தக்கசிவு பயம் உள்ளவர்களுக்கு வைத்தியர்கள் ஒன்று அல்லது மூன்று மாதத்தோடு சுருக்குவதும் உண்டு. அதன்பின் ஒரு மாத்திரை, பெரும்பாலும் ஆஸ்பிரின், ஆயுள் முழுவதும். அதிக நாள் சாப்பிட்டால் அதிக நன்மை என்றும் நினைக்க வேண்டாம். 2014இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 12 மாதத்தோடு நிறுத்தாமல் 30 மாதம் தொடர்ந்தவர்களுக்கு ஸ்டென்ட்டில் இரத்தம் கட்டுவது 1.4 சதவீதத்திலிருந்து 0.4 சதவீதமாகக் குறைந்தது. கடுமையான இரத்தக்கசிவோ 1.6 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் கூடியது. ஆகையால் தொடங்குவதும் நிறுத்துவதும் வைத்தியர் கையில் இருக்கட்டும். மலம் கறுப்பாகத் தார்போலப் போனாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டு வீட்டிலிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தவருக்குத் திடீரென்று நெஞ்சை அழுத்தும் வலியும் வியர்வையும் வந்தால், வாயு என்று சோடா குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கட்டியை எடுத்துக் குழாயைத் திறக்க வைத்தியர்களால் முடியும். அதற்கு அவர்கள் கையில் இருப்பது சில மணி நேரம்தான்.

பல் பிடுங்குவதற்கோ கண் புரைக்கோ குடலிறக்கத்துக்கோ போகிறவர்கள், ஸ்டென்ட் இருப்பதை முதலாவது சொல்ல வேண்டும். பல் பிடுங்குவது போன்ற சிறிய காரியங்களுக்கு மாத்திரையை நிறுத்தாமலே செய்ய முடியும். பெரிய அறுவை சிகிச்சையென்றால், தள்ளிப்போடக் கூடியதாயின் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட முடியாததாயின் இரண்டு வைத்தியர்களும் தங்களுக்குள் பேசித் தீர்மானிப்பார்கள். அதற்கு உதவியாக, எந்தத் தேதியில் எந்த ஸ்டென்ட் வைக்கப்பட்டது என்று எழுதிய சீட்டை ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள். அதைப் பீரோவில் பூட்டி வைக்காமல், ஒரு நகலைச் சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ வைத்திருக்கும்படி வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். இரண்டு மாத்திரைகளின் பெயரையும், எந்த மாதம்வரை சாப்பிட வேண்டும் என்பதையும் அதன் பின்புறத்தில் தமிழில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்துவிட்டால், பேரப்பிள்ளைகள் வாசித்துச் சொல்லுவார்கள்.